சுரண்டாமல் கோடிடுவோர்: தமிழ் விக்கிப்பீடியாவும் நம் திருத்த மரபும்

தமிழில் கலைக்களஞ்சியம் தொகுக்கும் முயற்சிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902இலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இலும் வெளிவந்தன. நாடு விடுதலை பெற்ற பின்னர், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் ‘கலைக்களஞ்சிய’த்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது, அதன் முதல் தொகுதி 1954இல் வந்தது. நம் சமுதாயத்தில் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் ‘இஸ்லாமியக் கலைக்களஞ்சிய’த்தைப் பல தொகுதிகளாக எழுதி வெளியிட்டார்கள். இந்நூல்கள் அனைத்திற்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. எழுதியவர் யார், பதிப்பித்தவர் யார் என்பது முகப்பிலேயே தெரியும். பிழை கண்டால் யாரிடம் முறையிடுவது என்பதும் தெரியும். ஆனால் அப்பிழை திருந்துவதற்கு அடுத்த பதிப்பு வரவேண்டும். அடுத்த பதிப்போ பல வேளைகளில் வருவதே இல்லை.

2003ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இந்த வரிசையில் வந்ததாயினும் இயல்பால் வேறானது. அதற்கு முதன்மை ஆசிரியர் இல்லை. ஊதியம் பெறும் எழுத்தாளர் இல்லை. முற்றுப்பெற்ற பதிப்பு என ஒன்றும் இல்லை. வளைகுடாவில் பணியாற்றிய யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அவ்வாண்டு இறுதியில் அதில் இணைந்து, தளத்தின் முகப்பையும் அடிப்படைக் கட்டுரைகளையும் உருவாக்கினார். அவருடைய பல்லாண்டு உழைப்பைப் போற்றிக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது. தமிழகம், ஈழம், மேலைநாடுகள், வளைகுடா எனச் சிதறியிருந்த தன்னார்வலர் சிலரின் கைகள் சேர்ந்து, 2017 மே மாதத்தில் அது ஒரு இலட்சம் கட்டுரைகளை எட்டியது. இன்று ஒன்றரை இலட்சத்தையும் கடந்து நிற்கிறது.

நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திற்கும், இளம் ஆலிம்கள் சொற்பொழிவுக் குறிப்புக்கும், செய்தியாளர் அவசரத் தேவைக்கும் நாடுவது இதையே. இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் விக்கிப்பீடியாவின் உரைகளைப் பயிற்சிப் பொருளாகக் கொண்டவை. ஆகவே அங்கே நிலைத்துவிட்ட ஒரு பிழை அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஆயிரம் வாய்களின் வழியே திரும்ப ஒலிக்கிறது.

இத்துணைப் பயன்பாடு இருந்தும், நம் கல்லூரிகளிலும் ஜமாஅத்துகளிலும் இதைப் பற்றிய பேச்சு முறையீடாகவே அமைகிறது. அம்முறையீடுகள் மூன்று. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் இது நம்பத்தக்கதன்று என்பது ஒன்று. இஸ்லாத்தைக் குறித்து எழுதுவோர் உரிய மரியாதையும் சரியான ஒலிப்பும் இன்றி எழுதுகின்றனர் என்பது இரண்டு. நம் ஊர்களுக்கும் முன்னோர்க்கும் அதில் இடமில்லை என்பது மூன்று. இம்மூன்றையும் அளந்து பார்க்க அயலாரிடம் அளவுகோல் கேட்க வேண்டியதில்லை. ஹதீஸ் கலை அறிஞர்கள் எழுதுவதற்கும் திருத்துவதற்கும் வகுத்தளித்த நெறிகளே போதும்.

கத்தி கொண்டுவரக் கூடாத அவை

விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் மூன்று வாயில்கள் உள்ளன. ‘தொகு’ என்பதன் வழியே யாரும் உள்ளே சென்று திருத்தலாம். ‘உரையாடல்’ என்பது அக்கட்டுரையைப் பற்றி வாதிடும் இடம். ‘வரலாறு’ என்பதே மூன்றிலும் முதன்மையானது. கட்டுரை தோன்றிய நாள் முதல் இன்றுவரை யார், எந்நாளில், எந்நொடியில், எந்தச் சொல்லைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது அங்கே ஒன்றுவிடாமல் பதிவாகிறது. திருத்தியவர் தம் திருத்தத்திற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதவும் இடமுண்டு. நீக்கப்பட்ட சொல் பார்வையிலிருந்து மறைகிறதே அன்றி அழிவதில்லை. நீக்கியது தவறு எனத் தெரிந்தால் அடுத்தவர் ஒரு சொடுக்கில் அதை மீட்டுவிடலாம்.

இதைப் புதுமை என வியப்போர், இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களின் ‘முகத்திமா’வில் ஹதீஸை எழுதும் முறை பற்றிய பகுதியைப் படித்தல் வேண்டும். ஹிஜ்ரி 643இல் மறைந்த அப்பெருந்தகை, எழுதி முடித்த படியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ‘முகாபலா’வை இன்றியமையாததாக வலியுறுத்துகிறார்கள். விடுபட்டதை ஓரத்தில் சேர்க்க ஒரு குறி; ஐயம் எழக்கூடிய, ஆனால் சரியான சொல்லின் மேல் ‘ஸஹ்ஹ’ எனும் குறி; அறிவிப்பு அவ்வாறே வந்திருக்கிறது, ஆனால் சொல்லிலோ பொருளிலோ குறை தெரிகிறது எனும் இடத்தில் ‘தள்பீப்’ எனும் குறி என ஒவ்வொன்றையும் வகைப்படுத்துகிறார்கள். கடைசியாகச் சொன்ன குறியின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். படிப்பவர் தம் அறிவைக் கொண்டு மூலத்தை மாற்றிவிடவில்லை. ஐயத்தை மட்டும் அடையாளமிட்டு, தம்மினும் அறிந்தவருக்காக அவ்விடத்தைத் திறந்து வைக்கிறார். விக்கிப்பீடியாவில் ஐயத்திற்குரிய வரியின் அருகே ‘மேற்கோள் தேவை’ என இடும் குறி இதற்கு நெருங்கிய உறவினது.

நீக்கும் முறையைப் பற்றிய செய்தி இன்னும் வியப்பூட்டுவது. தவறாக எழுதப்பட்டதைக் கத்தியால் சுரண்டலாம், கழுவி அழிக்கலாம், அல்லது எழுத்துத் தெரியும்படி அதன்மேல் கோடிடலாம். இவற்றுள் கோடிடுதலாகிய ‘ளர்பு’ என்பதே சிறந்தது என்பது அறிஞர்களின் முடிவு. பாடம் கேட்கும் அவைக்குக் கத்தியைக் கொண்டுவருவதையே ஆசிரியர்கள் விரும்பாதிருந்தனர் எனக் காளீ இயாள் (ரஹ்) (ஹி. 476–544) அவர்களின் வழியாக அறிகிறோம். காரணம் எளியது. இன்று பிழையெனச் சுரண்டப்படும் சொல், வேறோர் அறிவிப்பு வழியில் சரியானதாக நாளை நிறுவப்படலாம். சுரண்டியிருந்தால் அதைத் திரும்ப எழுத வேண்டிவரும். கோடு மட்டும் இட்டிருந்தால் இது சரியே எனக் குறித்தாலே போதும். திருத்துபவனும் பிழைபடக் கூடியவன் எனும் ஒப்புதல் இம்முறைக்குள்ளேயே இருக்கிறது. விக்கிப்பீடியாவின் ‘வரலாறு’ப் பக்கத்தை இயக்குவதும் இதே எண்ணமே.

கூடித் திருத்துதலும் நமக்குப் புதிதன்று. இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் ‘ஃபத்ஹுல் பாரீ’யை ஹிஜ்ரி 817இல் தொடங்கி 842இல் நிறைவு செய்தார்கள். அவர்கள் எழுதியதை மாணவர்கள் படியெடுத்தனர். வாரத்தில் ஒருநாள் கூடி, மூலத்தோடு ஒப்பிட்டு, வாதித்து, திருத்தினர். நூல் முடிந்த நாளில் அது ஏற்கெனவே ஒப்பிடப்பட்டும் திருத்தப்பட்டும் இருந்தது. நூலாசிரியர் ஒருவரே, ஆயினும் நூலைச் செம்மையாக்கியது ஓர் அவை. அதற்கும் முன்பு, இமாம் தாரகுத்னீ (ரஹ்) (ஹி. 306–385) அவர்கள் ஸஹீஹ் நூல்கள் இரண்டிலுமே சில அறிவிப்புகளை எடுத்து ஆய்வுரை எழுதினார்கள். பின்வந்த இப்னு ஹஜர் அவற்றுள் ஸஹீஹுல் புகாரீயைப் பற்றியவற்றுக்கு ஒவ்வொன்றாக விடை எழுதினார்கள். உயர்ந்த நூலாயினும் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதன்று என முன்னவரும், திறனாய்வும் விடைக்கு உட்பட்டதே என பின்னவரும் காட்டிச் சென்றனர்.

பாதி உண்மை

அவ்வாறாயின் முதல் முறையீடு முற்றிலும் பொய்யா? இல்லை, பாதி உண்மை. 2005ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ அறிவியல் இதழ் ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்தும் பிரித்தானிகக் கலைக்களஞ்சியத்திலிருந்தும் 42 அறிவியல் கட்டுரைகளைத் துறை அறிஞர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. கட்டுரைக்கு முன்னதில் ஏறக்குறைய நான்கு பிழைகளும் பின்னதில் மூன்றும் காணப்பட்டன. அம்முடிவைப் பிரித்தானிக நிறுவனம் அடுத்த ஆண்டு மறுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே 2005இல், ஜான் சீகன்தாலர் எனும் அமெரிக்க மூத்த இதழாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தும் பொய் ஒன்று அவர் பற்றிய கட்டுரையில் எழுதப்பட்டு, நான்கு மாதங்களுக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. பல கண்கள் பார்க்கும் கட்டுரை செம்மையடைகிறது. எந்தக் கண்ணும் பாராத கட்டுரையில் பொய் நிம்மதியாக உறங்குகிறது. திறந்த கதவு தானாகவே திருத்திவிடுவதில்லை. அதன் வழியே உள்ளே வந்து அமர ஆள் வேண்டும்.

தமிழில் இந்த உண்மையின் கனம் கூடுதல். ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையைப் பலர் தம் ‘கவனிப்புப் பட்டியலி’ல் வைத்திருப்பர். தமிழிலோ தொடர்ந்து பணியாற்றுவோர் சிலர். கட்டுரைகளோ இலட்சத்திற்கும் மேல். ஆயினும் அச்சிறு குழுவும் திருத்தத்தின் தரத்தை எண்ணிக்கைக்கு விலைபேசாத வரலாறு ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டளவில் கூகுள் நிறுவனம், தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் ஆங்கிலக் கட்டுரைகளைப் பெயர்த்துச் சேர்த்தது. கட்டுரைகளின் அளவும் எண்ணிக்கையும் விரைந்து பெருகின. மகிழ்ந்து வாளாவிருந்திருக்கலாம். தமிழ்த் தன்னார்வலர்களோ அவற்றைப் படித்துப் பார்த்தனர். இயந்திர வாடை வீசும் தொடர்கள், தமிழ் வாசகனின் தேவையை எண்ணாத தலைப்புத் தேர்வு, எழுதியபின் திரும்பிப் பாராத பெயர்ப்பாளர்கள் ஆகிய குறைகளைத் தொகுத்து அந்நிறுவனத்திடம் முன்வைத்தனர். 2010இல் போலந்து நாட்டின் கிதான்ஸ்க் நகரில் நிகழ்ந்த விக்கிமேனியா மாநாட்டிலும் தங்கள் மதிப்பீட்டை எடுத்துரைத்தனர். பெருநிறுவனத்தின் கொடையை ஊதியமில்லாத சிலர் உரைத்துப் பார்த்த அச்செயலை நாம் மதிக்கிறோம். பின்னாளில் போட்டிகளின் வழியே எண்ணிக்கை கூட்டும் முயற்சிகள் நிகழ்ந்தபோதும் இதே எச்சரிக்கை முற்றாக மறையவில்லை.

ஹதீஸ் கலையோடு ஒப்பிடுங்கால் ஒரு வேறுபாட்டை மறைத்தல் நேர்மையாகாது. நம் கலையில் அறிவிப்பாளர் யாரென அறியப்படாவிடின் அறிவிப்பு ஏற்கப்படுவதில்லை. விக்கிப்பீடியாவிலோ புனைபெயரில் எழுதுவோர் பலர். இவ்வொன்றைக் காட்டியே நம்மவரிற் பலர் அதனை ஒதுக்குகின்றனர். எனினும் அங்கே எழுதுபவர் ‘ராவீ’ எனும் அறிவிப்பாளர் நிலையில் இல்லை என்பதை உணர வேண்டும். தாம் கேட்டதையோ கண்டதையோ சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அச்சில் வந்த நம்பகமான நூலில் கண்டதை மட்டுமே, நூற்பெயரோடும் பக்கத்தோடும் காட்ட வேண்டும். இது ‘விஜாதா’ எனப்படும் வகையைச் சேரும்: ஒருவர் எழுதியதை நூலில் கண்டெடுத்து, இன்னார் நூலில் இவ்வாறு கண்டேன் எனத் தெளிவாகச் சொல்லுதல். பிற்காலத்தில் நூல்களைக் கொண்டு செயற்பட இவ்வழியே எஞ்சும் என இப்னுஸ் ஸலாஹ் அவர்களே ஒப்புகிறார்கள். விஜாதாவில் சோதனைக்குரியது கண்டெடுத்தவரின் குலமன்று. அவர் காட்டும் நூல் உண்மையில் அவ்வாறு சொல்கிறதா என்பதே.

இங்குதான் மெய்யான ஆபத்து இருக்கிறது. மேற்கோளற்ற ஒரு வரியை நாளிதழ் ஒன்று பெயர் சுட்டாமல் எடுத்தாள்கிறது. சில மாதம் கழித்து, அந்நாளிதழையே சான்றாகக் காட்டி அவ்வரிக்கு மேற்கோள் இடப்படுகிறது. பொய் தன்னைத் தானே சான்றாக்கிக் கொள்கிறது. தாம் பெற்ற இடத்தை மறைக்கும் ‘தத்லீஸ்’ எனும் குறையை நம் முன்னோர் எத்துணைக் கடுமையாகக் கண்காணித்தனர் என்பதை நினைத்தால் இதன் தீமை விளங்கும். விக்கிப்பீடியர்கள் மேற்கோள் உண்டா எனப் பார்க்கும் அளவுக்கு, அம்மேற்கோள் எங்கிருந்து பெற்றது எனப் பார்ப்பதில்லை. சான்றுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றின் மூலத்தை ஆராயும் பயிற்சி அவர்களுக்கு வேண்டும். அப்பயிற்சி நம் மதரஸாக்களில் இருக்கிறது. அதைப் பெற்றவர் அங்கே செல்வதில்லை.

மரியாதையும் எழுத்தும்

இரண்டாம் முறையீட்டுக்கு வருவோம். புதிதாக நுழையும் நம் இளைஞர் முதலில் செய்வது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரை அடுத்து ஸலவாத்தைச் சேர்ப்பதே. சில நாழிகையில் மற்றொருவர் அதை நீக்குகிறார். மூன்று முறை இவ்வாறு நிகழ்ந்தபின் இளைஞர் கோபமுற்று வெளியேறுகிறார். பகைவர் கூடாரம் எனப் பிறரிடம் சொல்கிறார். நீக்கியவர் நடுநிலை நோக்கு எனும் விதியைப் பின்பற்றினார் என்பதையோ, எச்சமயத்துப் பெரியோர்க்கும் அடைமொழி சேர்ப்பதை அவ்விதி விலக்குகிறது என்பதையோ அவர் கேட்டறிவதில்லை.

ஸலவாத்தை எழுதுமாறு இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் எழுத்தாளரை வலியுறுத்துகிறார்கள் என்பது உண்மை. அதே இடத்தில் அவர்கள் மற்றொரு செய்தியையும் மறைக்காமல் தருகிறார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் கையெழுத்தில் பல இடங்களில் நபிகளாரின் பெயர் ஸலவாத் இன்றியே காணப்பட்டது என்றும், அவர்கள் அதை நாவால் சொல்லிக்கொள்வார்கள் என்று தமக்குச் செய்தி எட்டியது என்றும் கதீபுல் பக்தாதீ (ரஹ்) குறித்துள்ளார்கள். தமக்கு வந்த அறிவிப்பில் இல்லாததைச் சேர்க்க விரும்பாத பேணுதலே அதற்குக் காரணமாகலாம் என இப்னுஸ் ஸலாஹ் விளக்குகிறார்கள். இமாம் அஹ்மதின் நேசத்தை ஐயுறுவார் யாரும் இலர். ஏட்டில் இல்லாத இடத்தும் நாவில் சொல்லும் உரிமையை எந்த நிர்வாகியாலும் பறிக்க இயலாது. நம் இதழ்களில் நாம் எழுதுவோம். பொதுக் களஞ்சியத்தில் படிக்கையில் சொல்வோம்.

நடுநிலை நோக்கு என்பதும் நம் மரபுக்கு அந்நியமானதன்று. ஹிஜ்ரி 548இல் மறைந்த ஷஹ்ரஸ்தானீ (ரஹ்) அவர்கள் ‘அல்மிலல் வந்நிஹல்’ நூலில், ஒவ்வொரு பிரிவின் கொள்கையையும் அப்பிரிவினரின் நூல்களில் உள்ளபடியே, சார்பும் வெறுப்பும் இன்றி எடுத்துரைப்பதைத் தம் நிபந்தனையாக அறிவிக்கிறார்கள். எது சரி, எது தவறு என்பதை அறிவுடையோர் கண்டுகொள்வர் என்பது அவர்களின் துணிவு. நிபந்தனையை அவர்கள் முழுமையாகக் காத்தார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நிபந்தனை இதுதான் என்பதில் இல்லை.

எழுத்து முறை பற்றிய சச்சரவு இதனினும் நீண்டது. கிரந்த எழுத்துகளை ஆள்வதா, தவிர்ப்பதா என்று தமிழ் விக்கிப்பீடியர் தம்முள் பல்லாண்டு வாதிட்டுள்ளனர். இஸ்லாம் பற்றிய முதன்மைக் கட்டுரை ‘இசுலாம்’ எனும் தலைப்பில் அமைந்ததை நம்மவர் பலர் பகைமையாகவே கொண்டனர். ஆனால் உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலேயே அறபுப் பெயர்கள் தமிழ் ஒலிமரபுக்கு இயைந்து உருமாறி வரவில்லையா? அதனால் அக்காவியத்தின் ஈமான் குறைந்ததா? மறுபுறம், ஒலி சிதையலாகாது எனக் கருதிய நம் முன்னோர், தமிழின் ஒலிகளுக்கென அறபு எழுத்துகளில் குறிகள் சேர்த்து அறபுத் தமிழை உருவாக்கினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816–1898) போன்றோர் அதில் பெரும்பணி ஆற்றினர். உருமாற்றலும் ஒலி காத்தலும் ஆகிய இரு வழிகளும் நம்முடையவையே.

தனித்தமிழ் நோக்கில் ‘ஹ’கரத்தை விலக்குவோரும் ஒன்றை எண்ண வேண்டும். ‘கல்க்’ என்றால் படைப்பு. ‘ஹல்க்’ என்றால் மழித்தல், தொண்டை. இரண்டையும் ககரத்தால் எழுதினால் பொருள் மாறுகிறது. அதே வேளை, நாம் பெருமைப்படும் கிரந்தமும் முழுமையானதன்று. இதயத்தைக் குறிக்கும் அறபுச் சொல்லும் நாயைக் குறிக்கும் அறபுச் சொல்லும், கிரந்தம் எத்தனை சேர்த்தாலும், தமிழில் ‘கல்ப்’ என்றே நிற்கும். ஆகவே இது வெற்றி தோல்விக்குரிய வழக்கன்று. ஒரு வடிவைத் தலைப்பாகவும் மற்றவற்றை ‘வழிமாற்று’களாகவும் வைத்து, எவ்வடிவில் தேடுபவரையும் கட்டுரைக்குக் கொண்டுசேர்க்கும் விக்கிப்பீடியாவின் ஏற்பாடு போதுமானது. எஞ்சியதை உரையாடல் பக்கத்தில் சான்றோடும் பொறுமையோடும் பேசலாம். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் கடுமையாகக் குறைகாணும் இடத்தும், இவரைப் பற்றிப் பரிசீலிக்க வேண்டியுள்ளது என்னும் அளவிலான மென்சொல்லையே பெரிதும் ஆண்டார்கள். அச்சொல்லின் கனத்தைக் கலையறிந்தோர் அறிந்துகொண்டனர். திருத்தக் குறிப்பு எழுதுவோர்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுவதில்லை.

பேரிகை காட்டும் பாடம்

மூன்றாம் முறையீடே நம்மை உண்மையில் வருத்த வேண்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சூளகிரி வட்டாரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய பேரிகையை எடுத்துக்கொள்வோம். ஓசூரின் ஆலைகளுக்கும் எல்லைப்புற வயல்களுக்கும் இடைப்பட்ட அந்நிலப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் புழங்குகின்றன. அங்குள்ள முஸ்லிம் வீடுகள் பலவற்றில் தக்னி உருதுவே தாய்மொழி; பள்ளியில் தமிழ்; சந்தையில் நான்கும்.

தமிழக ஊராட்சிகள் பற்றிய கட்டுரைகள் விக்கிப்பீடியாவில் ஊரக வளர்ச்சித் துறையின் 2015ஆம் ஆண்டுத் தரவைக் கொண்டு ஒரே அச்சில் உருவாக்கப்பட்டன. எந்தத் தொகுதி, எத்தனை உறுப்பினர், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை எத்தனை, குடிநீர் இணைப்புகள் எத்தனை, ஊராட்சிச் சாலைகள் எத்தனை என்பனவே அவற்றின் உள்ளடக்கம். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குத் தமிழில் ஒரு பக்கமேனும் கிடைத்தது சிறிய செயலன்று. எனினும் அவ்வச்சில் ‘சுடுகாடுகள் அல்லது இடுகாடுகள்’ என்பது ஒரே வரி, ஒரே எண். எது மயானம், எது கப்ருஸ்தான், யாருடைய நிலத்தில் யாருடைய முன்னோர் உறங்குகின்றனர் என்பதை அவ்வெண் சொல்லாது. ஊரார் எம்மொழி பேசுகின்றனர், பள்ளிவாசல் எக்காலத்தது, எங்கிருந்து யார் வந்து குடியேறினர் என்பவற்றுக்கும் அதில் இடமில்லை.

ஏன் இல்லை? எழுதியவர் மறைத்ததனால் அன்று. எடுத்துக்காட்ட நூல் இல்லாததனால். ஊர்ப்பெயரையே பாருங்கள். தமிழ் அறிந்தவர் ‘பேரிகை’ என்றதும் முரசை நினைப்பார். தெலுங்கோ கன்னடமோ பேசுபவர் வேறொரு சொல்லை நினைக்கலாம். ஆங்கில எழுத்தில் அப்பெயரின் ககரத்தை இருவகையாக எழுதுகின்றனர். இவற்றுள் எதையும் பெயர்க்காரணமாக எழுத விக்கிப்பீடியா இடந்தராது; சொந்த ஆய்வு கூடாது என்பது விதி. அவ்விதி சரியானது. இல்லாவிடில் அவரவர் ஊர்ப்பெருமையே வரலாறாகிவிடும். ஆனால் அவ்விதியின் விலையைக் கொடுப்பது, அச்சேறாத நினைவுகளைக் கொண்ட சமூகங்கள். நம் முதியோரின் நாவில் இருப்பது, பள்ளிவாசல் பெட்டியில் மக்கிக்கொண்டிருப்பது, கப்ருக் கல்லில் தேய்ந்துகொண்டிருப்பது எதுவும் களஞ்சியத்தின் கண்ணுக்குச் சான்றன்று. 2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுநாள் பயன்பாட்டால் உருவாகும் வக்ஃபு எனும் கருத்தையே வருங்காலத்திற்கு நீக்கிவிட்டது. களஞ்சியக் கட்டுரை நீதிமன்றச் சான்று ஆகாது என்பது வேறு. ஆயினும் ‘எல்லோருக்கும் தெரியும்’ என்பது இனி எங்கும் செல்லாது எனும் செய்தி இரு இடங்களிலும் ஒன்றே.

இதற்கு விக்கிப்பீடியர் மீது பழி சுமத்துவதில் பயனில்லை. ஸனதைப் பேணியதற்காக உலகின்முன் பெருமை பேசும் நாம், நம் ஊர்களின் ஸனதைப் பேணவில்லை. நூற்றாண்டு மலர்களிலும் விழா மலர்களிலும் வாழ்த்துச் செய்திகளும் புரவலர் படங்களும் நிறைகின்றன. பள்ளிவாசல் கட்டப்பட்ட ஆண்டு, முத்தவல்லிகளின் வரிசை, கல்வெட்டின் வாசகம் ஆகியவை அரைப்பக்கத்தையும் நிரப்புவதில்லை.

பேரிகை போன்ற எல்லையூர்களுக்கு இதில் ஒரு தனித் தகுதியும் உண்டு. கன்னட விக்கிப்பீடியா 2003 முதலும் உருது விக்கிப்பீடியா 2004 முதலும் இயங்குகின்றன. ஒரே ஊர், ஒரே போர், ஒரே மன்னர் பற்றித் தமிழில் ஒன்றும், கன்னடத்தில் ஒன்றும், உருதுவில் ஒன்றுமாக எழுதப்பட்டிருக்கலாம். திப்பு சுல்தான் பற்றிய பக்கங்களை மொழிவாரியாக அடுத்தடுத்துப் படிப்பவர் இதை உணர்வார். ஒரே நூலின் வேறுபட்ட படிகளை அருகருகே வைத்து ஒப்பிடும் முகாபலாவுக்கு ஒப்பான பணி இது. அதற்கு வேண்டிய மொழியறிவு சென்னையிலும் பெங்களூரிலும் எளிதில் கிடைப்பதில்லை. ஓசூர்ச் சாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் இளைஞனிடம் இருக்கிறது. நான்கு மொழியும் ஓரளவு அறிந்திருப்பதை அவன் குறையாக எண்ணுகிறான். அது ஒரு திருத்துநனின் மூலதனம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே நம் அறபிக் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றிப் பத்துப் பக்க ஆய்வேடு ஒன்று எழுதட்டும். கல்வெட்டைப் படித்து, ஆவணத்தைப் பார்த்து, முதியோரிடம் கேட்டு, கேட்டதையும் கண்டதையும் வேறுபிரித்து, ஐயமுள்ள இடத்தில் தள்பீப் இட்டு எழுதட்டும். ஆசிரியர் இருவர் அதை ஒப்பிட்டுத் திருத்தட்டும். அவற்றைத் தொகுத்துக் கல்லூரி அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பட்டும். அதன் பின்னர் விக்கிப்பீடியாவுக்குச் சென்று, அந்நூலைச் சான்றாக முன்வைக்கட்டும். தம் கல்லூரி நூல் என்பதை உரையாடல் பக்கத்தில் மறைக்காமல் சொல்லட்டும். ஏற்பதும் மறுப்பதும் அவையின் முடிவு. மறுத்தால் காரணம் கேட்கலாம். காரணம் சரியானால் நூலைத் திருத்தலாம். எவ்வகையிலும் நூல் நம்மிடம் எஞ்சும்.

செய்தியொன்று வந்தால் தெளிவுபடுத்திக் கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நம்பிக்கையாளரைப் பணிக்கிறது. தெளிவுபடுத்துதல் என்பது, பொய் என்று கூவிவிட்டு விலகி நிற்பது அன்று; அமர்ந்து ஒப்பிட்டு, கோடிட்டு, சரியானதை ஓரத்தில் எழுதுவது. அப்பணிக்குப் பெயர் தெரியாத சிலர் இரவுகளைச் செலவிடுகின்றனர். அவர்களுள் அக்கலைக்கு உரியோரான நம்மவர் மிகச் சிலராக இருப்பதே நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தி. வல்லாஹு அஃலம்.